குளத்தில் குஞ்சு விடும் முன் நோய் டெஸ்ட்: உங்களுக்கு என்ன நடந்தது?

உப்பனாறு:

சீர்காழிக்குக் கிழக்கே ஏக்கருக்கு ஒன்றாக எனக்கு இரண்டு இறால் குளம். வனாமி வகை இறால்தான். வெள்ளைப்புள்ளி நோய் வந்து ஒரே வாரத்தில் குளம் காலியான கதை இந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு உண்டு. என்னுடையது அந்த ரகம் இல்லை. இறால் சாகவே இல்லை. தொண்ணூறு நாள் தீனி தின்றுகொண்டே இருந்தது, அவ்வளவுதான்.

மூன்று வருடம் முன்பு கடற்கரைச் சாலை ஓரம் ஒரு ஹேச்சரியில் (குஞ்சு பொரிக்கும் இடம்) மூன்று லட்சம் குஞ்சு பேசினேன். பி.எல். 10, அதாவது புழுப் பருவம் தாண்டிப் பத்து நாள் ஆன குஞ்சு. நேரில் போய்ப் பார்த்தேன். டெக்னீஷியன் பையன் ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் அள்ளிக் காட்டினான். தண்ணீரை விரலால் சுழற்றிவிட்டால் தெம்புள்ள குஞ்சு ஓட்டத்தை எதிர்த்து ஓரமாக நிற்கும், சோதாக் குஞ்சு நடுவில் வந்து குவியும். எல்லாமே ஓரத்தில் நின்றன. நூறு குஞ்சை எண்ணி நல்ல தண்ணீரில் அரை மணி நேரம், திரும்ப உப்புத் தண்ணீரில் அரை மணி நேரம் விட்டுப் பார்த்தோம். மூன்றுதான் செத்தது. கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். டெஸ்ட் ரிப்போர்ட்டும் காட்டினார்கள். வெள்ளைப்புள்ளி இல்லை, இ.எச்.பி. (இறாலை வளரவிடாத ஒட்டுண்ணி) இல்லை. சீல், கையெழுத்து, தொட்டி எண் 7. எல்லாம் சரி.

பேக்கிங் ராத்திரி பதினொரு மணிக்கு. பை பையாக ஆக்சிஜன் ஊதி ரப்பர் போட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு லட்சத்துச் சொச்சத்தில் 7-ஆம் தொட்டி முடிந்துவிட்டது. ஒரு ஆள் வாளியை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தொட்டிக்குப் போனார். நான் அங்கேயேதான் நின்றேன். டீ குடித்துக்கொண்டே அதைப் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. எண்ணிக்கை குறையாமல் கொடுக்கிறார்களே என்று சந்தோஷம் வேறு.

நாற்பதாம் நாள் செக் ட்ரேயை, அதாவது தீனித் தட்டை, தூக்கினால் ஒரு இறால் சுண்டுவிரல் அளவு, ஒன்று கட்டைவிரல் அளவு. ஐம்பத்தைந்தாம் நாள் காற்று ஒதுக்கும் மூலையில் வெள்ளை வெள்ளையாக நூல் மிதந்தது. இறாலின் கழிவு. லேபில் கொடுத்தேன்: இ.எச்.பி. (இதிலும் ஒரு கூத்து. எந்தப் புட்டி எந்தக் குளம் என்று பேனாவால் எழுதியிருந்தேன், போய்ச் சேர்வதற்குள் மை கரைந்துவிட்டது. இரண்டுமே பாசிட்டிவ் என்று வந்ததால் பிரச்சினை இல்லாமல் போயிற்று.) தொண்ணூறாம் நாள் கிலோவுக்கு 50 இறால் நிற்கும் என்று கணக்குப் போட்டவன், 110 கவுண்ட்டில் பிடித்து விற்றேன். தீனிக்கடைப் பாக்கி அடுத்த கல்ச்சர் (வளர்ப்புச் சுற்று) வரை வந்தது.

ஹேச்சரிக்குப் போன் செய்தேன். "சார், ரிப்போர்ட் நெகட்டிவ்தானே கொடுத்தோம்?" என்றார்கள். கொடுத்தார்கள்தான். அப்புறம்தான் அந்தத் தாளை எடுத்துத் தேதியைப் பார்த்தேன். மாதிரி எடுத்த அன்றைக்குக் குஞ்சு பி.எல். 4. எனக்கு வந்தது ஆறு நாள் கழித்து, அதிலும் ஒரு பங்கு வேறு தொட்டியிலிருந்து.

பழி முழுவதையும் அவர்கள் மேல் போட மாட்டேன். அதற்கு முந்தைய கல்ச்சர் முடிந்ததும் குளத்தைக் காயப்போட்டதோடு விட்டுவிட்டேன். இ.எச்.பி.யின் வித்து காயப்போட்டாலும் பிளீச்சிங் போட்டாலும் லேசில் சாவதில்லையாம். ஹெக்டேருக்கு ஆறு டன் சுட்ட சுண்ணாம்பு போட்டு, உழுது, ஈரப்படுத்தி, மண்ணின் பி.எச். 12-க்கு ஏறினால்தான் உண்டு என்று பிறகுதான் சொன்னார்கள். ஆகவே சேற்றிலிருந்து வந்ததா, வாளியிலிருந்து வந்ததா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

டெஸ்ட் எடுத்தும் ஏமாந்தவர்கள், டெஸ்ட்டால் தப்பித்தவர்கள் இரண்டு பேரும் சொல்லுங்கள்.

லேப் கோட்டு:

உப்பனாறு அண்ணே, அந்தத் தாளின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்திருக்கும்: கொண்டுவந்து கொடுத்த மாதிரிக்கு மட்டுமே இந்த முடிவு பொருந்தும். எட்டு வருடமாக அந்த வரிக்கு மேலே கையெழுத்துப் போடுகிறவர்களில் நானும் ஒருத்தி. யாரும் அதைப் படித்து நான் பார்த்ததில்லை.

ஒரு மே மாதம், மத்தியானம் இரண்டு மணி. ஒருவர் பைக் டேங்க் கவரிலிருந்து மினரல் வாட்டர் பாட்டிலை எடுத்து நீட்டினார். உள்ளே குஞ்சு கஞ்சியாகக் கிடந்தது. இது ஆகாது, 95 சதவீத ஆல்கஹாலில் போட்டு எடுத்து வாருங்கள் என்றேன். "செத்தால் என்னம்மா, வைரஸ் இருந்தால் உள்ளேதானே இருக்கும்?" என்று கேட்டார். கேள்வி நியாயமாகத்தான் பட்டது. ஆனால் குஞ்சு அழுகும்போது நாங்கள் தேடுகிற டி.என்.ஏ.வும் சேர்ந்தே சிதைகிறது. மனுஷர் விடவில்லை, டெஸ்ட் ஓட்டிப் பார்த்தோம். நோய்க்கிருமியைத் தேடும்போதே இறாலுக்கு உரிய ஒரு மரபணுவையும் கூடவே தேடுவோம், எடுத்த சரக்கு சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள. அந்த மரபணுவே வரவில்லை. "நெகட்டிவ் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள், இன்று ராத்திரி வண்டி" என்று நின்றார். இறாலே இல்லை என்று வந்த குழாயில் நோய் இல்லை என்று எப்படி எழுதுவது? கோபித்துக்கொண்டு போய்விட்டார். வேறெங்காவது வாங்கியிருப்பார்.

எண்ணிக்கையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஒரு தொட்டியில் நூற்றுக்கு இரண்டு குஞ்சுக்கு நோய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 150 குஞ்சு எடுத்தால் அதில் நோயுள்ளது ஒன்றாவது மாட்டுவதற்கு 95 சதவீதம் வாய்ப்பு. கைக்கு வந்த 20 குஞ்சைக் கொண்டுவந்தால் மூன்றில் இரண்டு தடவை ஒன்றுகூட மாட்டாது. சோதனை ஒழுங்காக நடந்திருக்கும், தாள் ஒழுங்காக இருக்கும், நோய் தொட்டியிலேயே இருக்கும். அந்த 150-ஐயும் ஒரே இடத்தில் அள்ளக் கூடாது. சோர்ந்த குஞ்சு அடியில் கிடக்கும். மேலே துள்ளுவதை மட்டும் வலையில் பிடித்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

இன்னொரு விஷயம், இது எங்கள் பக்கத்துத் தப்பு. இறாலின் கண்ணில் பி.சி.ஆரைத் தடுக்கிற ஏதோ இருக்கிறது. வெள்ளைப்புள்ளி பார்க்கும்போது கண்ணை நீக்கிவிட்டு அரைக்க வேண்டும். இ.எச்.பி. இருப்பதோ தலைக்குள் இருக்கும் செரிமானச் சுரப்பியில். ஆகவே அவசரத்துக்குத் தலையோடு வெட்டி எறியவும் முடியாது. நூற்றைம்பது குஞ்சுக்கு ஊசி முனையால் கண்ணெடுப்பது எவ்வளவு பொறுமை வேண்டிய வேலை என்று யோசித்துக்கொள்ளுங்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் ஒரு தடவை சோம்பேறித்தனமாக அப்படியே அரைத்துவிட்டேன். இறாலின் மரபணுவே சரியாக வராமல் மாட்டிக்கொண்டேன். திரும்ப முதலிலிருந்து.

வடகரை:

ஒரு சந்தேகம். தாய் இறால் வெளிநாட்டிலிருந்து எஸ்.பி.எஃப். (குறிப்பிட்ட நோய்க்கிருமிகள் இல்லை என்ற) சான்றோடு வருகிறது. சென்னை நீலாங்கரையில் தனியாக வைத்துப் பரிசோதித்துத்தான் ஹேச்சரிக்கே விடுகிறார்கள். 2009-இல் வனாமி வந்ததிலிருந்து இதுதானே நடைமுறை? அப்புறம் குஞ்சுக்கு எதற்குத் தனி டெஸ்ட்? லேபுக்குப் பிழைப்பு வேண்டும் என்பதற்கா?

லேப் கோட்டு:

பிழைப்பும் வேண்டும்தான் சார். ஆனால் எஸ்.பி.எஃப். என்பது பிறந்து வளர்ந்த இடத்தைப் பற்றிய சான்று. ஹேச்சரிக்கு வந்த பிறகு அந்தத் தாய் இறால் என்ன தின்கிறது? முட்டை பிடிக்க வேண்டுமென்று உயிரோடு கடற்புழுவைப் போடுகிறார்கள். கழிமுகச் சேற்றில் தோண்டிய புழு. அதன் வயிற்றில் எந்தக் கிருமி இருக்கிறது என்று யார் பார்த்தது? நல்ல ஹேச்சரிக்காரர்கள் புழுவையும் தாய் இறாலின் கழிவையும் மாதிரி எடுத்து அனுப்புகிறார்கள். கழிவில் இ.எச்.பி. தெரிந்துவிட்டால் முட்டைக்கு முன்பே முடிவு எடுத்துவிடலாம். குஞ்சுவரை வர விடுவானேன்?

முந்தல் கரை:

நான் இலங்கை, புத்தளம் மாவட்டம். உப்பனாறு அண்ணன் எழுதிய வாளிக் கதையை வாப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "எங்கேயும் இதுதான்" என்றார்.

1996-இல் வெள்ளைப்புள்ளி வந்தபோது எனக்குச் சின்ன வயது. குளத்து வரம்பெல்லாம் காகம் நின்றது மட்டும் நினைவிருக்கிறது. எங்களுடைய பிரச்சினை உங்களுடையதைவிட ஒரு படி மேல். ஒல்லாந்தர் கால்வாயில்தான் எல்லோரும் தண்ணீர் எடுக்கிறோம், அதே கால்வாயில்தான் எல்லோரும் தண்ணீர் விடுகிறோம். ஒருவன் குளத்தில் வந்தால் மற்றவன் குளத்துக்கு வர நாள் பார்க்கத் தேவையில்லை. அதனால்தான் பகுதி பகுதியாகப் பிரித்து, இந்தப் பகுதி இந்த மாதத்தில்தான் குஞ்சு விட வேண்டும் என்று நாட்காட்டி போட்டார்கள். பண்ணையாளர் சங்கமும் நக்டாவும் (அரசின் நீருயிர் வளர்ப்பு அதிகாரசபை) சேர்ந்து செய்கிற ஏற்பாடு. பி.சி.ஆர். பரிசோதித்த குஞ்சைத்தான் இறக்கலாம்.

ஒருமுறை எங்கள் முறை வந்து, சான்றிதழோடு குஞ்சு இறக்கி ஐந்து கிழமை. நல்ல வளர்ச்சி. மேலே நாலு பண்ணை தள்ளி ஒருவர் முறை இல்லாத நேரத்தில் களவாகக் குஞ்சு விட்டிருந்தார். பரிசோதனை என்ற பேச்சே இல்லை. அவருக்கு வெள்ளைப்புள்ளி வந்தது. குளோரின் போட்டு அடைத்து வைத்திருந்தால் அவரோடு போயிருக்கும். ஆனால் சங்கத்துக்குத் தெரிந்தால் வெட்கம் என்று இரவோடிரவாக மதகுப் பலகையைத் தூக்கித் தண்ணீரைக் கால்வாயில் விட்டுவிட்டார். நாங்கள் அதிகாலை நாலு மணிக்கு மோட்டர் போட்டோம்.

என்னுடைய சான்றிதழ் இப்போதும் பைலில் இருக்கிறது. அதில் ஒரு பிழையும் இல்லை. அந்த மனிதரும் கெட்டவர் இல்லை, என் மகனுடைய விருந்துக்கு வந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். பிறகு சங்கக் கூட்டத்தில் கதைத்து, யாருக்காவது நோய் கண்டால் முதலில் அறிவிக்க வேண்டும், அறிவித்தவரை யாரும் ஏசக் கூடாது என்று முடிவெடுத்தோம். ஏசாமல் இருப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது.

கொளத்தூர் தொட்டி:

நான் வண்ண மீன் ஆள். கோய், தங்கமீன். எங்கள் கஷ்டம் வேறு மாதிரி. மூன்று லட்சம் குஞ்சில் 150-ஐ அரைத்தால் உங்களுக்கு வலிக்காது. என்னிடம் இருப்பதே பன்னிரண்டு கோய். அதில் எதை அறுத்துச் சிறுநீரகத்தைக் கொடுப்பது?

பெங்களூரிலிருந்து ஒரு வாடிக்கையாளர், கோய் ஹெர்பிஸ் வைரஸ் டெஸ்ட் எடுத்துத்தான் வாங்குவேன் என்றார். மீனைக் கொல்லாமல் செவுளில் பஞ்சு தடவி எடுத்தோம். மீனை ஈரத் துண்டில் சுற்றி, செவுள் மூடியைக் கட்டை விரலால் மெல்லத் தூக்கி, பஞ்சுக் குச்சியை ஒரு சுற்று. அதற்குள் என் கை நடுங்கியதில் மீனுக்கு ஹார்ட் அட்டாக் வராததே ஆச்சரியம். நெகட்டிவ். அனுப்பினேன், பிரச்சினையும் இல்லை.

ஆனால் அந்தத் தாளை நான் முழுசாக நம்பவில்லை. அந்த வைரஸ் பிழைத்த மீனுக்குள்ளேயே பதுங்கிக் கிடக்கும், அப்போது செவுளில் தேடினாலும் கிடைக்காமல் போகலாம். தண்ணீர் 18-லிருந்து 28 டிகிரிக்குள் இருந்தால்தான் வேலையைக் காட்டும். சென்னை மே மாதத் தொட்டியில் கமுக்கமாக இருந்துவிட்டு பெங்களூர் டிசம்பரில் எழுந்திருக்கலாம். அதனால் புதிதாக எந்த மீன் வந்தாலும் தனித் தொட்டியில் மூன்று வாரம். கூடவே என்னுடைய பழைய மீன் இரண்டை உள்ளே விடுவேன். வந்தவன் நோய் கொண்டுவந்திருந்தால் என் மீன் முதலில் படுக்கும். அந்தத் தொட்டிக்குத் தனி வலை, தனி டியூப். இரண்டு வருடம் முன்பு ஒரு தங்கமீன் கூட்டம் பத்தாம் நாள் சாய்ந்தது. கூட விட்ட இரண்டும் போயின. கடை தப்பியது. மகள் மட்டும் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை, அதில் ஒன்றுக்கு அவள் பெயர் வைத்திருந்தாளாம்.

கெண்டைக்காரன்:

நீங்களெல்லாம் பி.சி.ஆர். பேசுகிறீர்கள். கட்லா, ரோகு விடுகிற எங்கள் பக்கம் வண்டிக்காரர் டிரம்மைத் தட்டி "பாருங்க, எப்படித் துள்ளுது" என்பதுதான் டெஸ்ட். ஒரு வருடம் அப்படித் துள்ளினதை நம்பி விட்டேன். மாதம் கழித்து வலை போட்டால் மீன் மேலெல்லாம் பொட்டுப் பொட்டாகப் பேன். கண்ணுக்குத் தெரிகிற ஜந்து, நான்தான் பார்க்கவில்லை. இப்போது பத்து மீனைக் கையில் எடுத்து செதில் ஓரம், துடுப்பு அடி பார்த்துவிட்டுத்தான் டிரம்மை இறக்கவே விடுவேன். முந்தின நாள் ஹாப்பாவில் (வலைக் கூண்டில்) பட்டினி போட்டீர்களா என்று கேட்பேன். வயிறு நிறைந்த குஞ்சு வழியிலேயே தண்ணீரைக் கெடுத்துவிடும். வண்டிக்காரர் முகம் சுளிக்கிறார். சுளிக்கட்டும்.

உப்பனாறு:

எல்லோருக்கும் நன்றி. முந்தல் கரை அண்ணன் சொன்ன நாலு மணி மோட்டர் மனதை என்னவோ செய்துவிட்டது. எங்கள் வாய்க்காலிலும் எனக்கு மேலே ஆறு பேர் இருக்கிறார்கள். ஒருவர் நம்பர்கூட என் போனில் இல்லை.

இந்த வாரம் குஞ்சு எடுக்கிறேன். வேறு ஹேச்சரி. தொட்டியை முதலிலேயே காட்டச் சொல்லிவிட்டேன். மாதிரி என் கையால் ஐந்து இடத்தில் எடுப்பேன், பேக்கிங்குக்கு மூன்று நாளைக்கு உள்ளே. எண்ணிக்கை குறைந்தால் குறைவாகவே எடுத்துக்கொள்கிறேன், பக்கத்துத் தொட்டி வேண்டாம் என்றேன். "யாரும் இப்படிக் கேட்டதில்லையே சார்" என்றார் மேனேஜர். ஆனால் ஒத்துக்கொண்டார்.

லேப் கோட்டு தங்கச்சி, சனிக்கிழமை மாதிரி கொடுத்தால் வாங்குவீர்களா? தொட்டிக்கு ஒரு புட்டியாக இரண்டு கொண்டுவருகிறேன்.

லேப் கோட்டு:

ஒரு மணிக்குள் வந்துவிடுங்கள் அண்ணே. குஞ்சைப் போல ஒன்பது பங்கு ஆல்கஹால் ஊற்றுங்கள், புட்டியை வெயிலில் வைக்காதீர்கள். அப்புறம், தொட்டி எண்ணைச் சின்னக் காகிதத்தில் பென்சிலால் எழுதிப் புட்டிக்கு உள்ளேயே போட்டுவிடுங்கள். பேனா வேண்டாம்.