உதவி செய்தவரே பணத்தில் வந்து நிற்கிறார், என்ன செய்வது?

புதியவன்:
அண்ணன்மாரே, அக்காமாரே, வெளிநாடு வந்து நான்கு மாதம் ஆகிறது. இரண்டு நாளாகத் தூக்கமில்லை. வந்த புதிதில் தங்க இடம் கொடுத்தவர், கூடவே வந்து வங்கிக் கணக்குத் திறக்க உதவியவர் ஓர் அண்ணன். என்னிடம் ஒரு காசு வாங்கவில்லை. இப்போது பண விஷயத்தில் ஓர் உதவி கேட்கிறார். முடியாது என்றால் நன்றி கெட்டவன் ஆகிவிடுவேன். சரி என்று சொல்லவும் மனம் ஒப்பவில்லை. வீட்டிலிருந்து வரும் அழைப்புகளும் பணத்தில்தான் முடிகின்றன. மனிதரைக் கெடுப்பதற்கென்றே வந்ததா இந்தப் பணம்? நாளைக் காலைக்குள் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

இரவுப்பணி:
கெடுப்பதற்குத்தான் தம்பி. என் முதல் ஆறு மாதம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. பகலில் படிப்பு, இரவில் கிடங்கு வேலை. அறைத் தோழனிடம் கைமாற்று வாங்கினேன். அன்றிலிருந்து நான் ஒரு சட்டை வாங்கினால்கூட அவன் பார்வை மாறும். கடனை முழுதாகத் திருப்பிக் கொடுத்த பிறகும் பழைய பேச்சு திரும்பவில்லை. கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

மழைக்காலம்:
நான் இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். வந்த புதிதில் நான் உறவினர் வீட்டில் இருந்தேன். வாடகை கேட்கவில்லை. அதற்குப் பதிலாக நான் எப்போது வர வேண்டும், யாரிடம் பேச வேண்டும் என்பதெல்லாம் அவர்கள் கையில் இருந்தது. முதல் சம்பளம் என் பெயரில் வந்து, சொந்தமாக ஓர் அறை எடுத்த அன்றுதான் மூச்சு விட்டேன். வாடகை கொடுத்தால் கணக்கு அன்றோடு முடிகிறது. நன்றிக்கடனுக்கு முடிவே கிடையாது. முன்பின் தெரியாத ஒருவர் எனக்கு வீடு தருகிறார் என்றால் அது பணத்தால்தான் நடக்கிறது.

கடலோடி:
அக்கா சொல்வதில் பாதிதான் சரி. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் 10 குழந்தைகள் காப்பகங்களில் ஓர் ஆய்வு நடந்தது, 2000இல் வெளியானது. பிள்ளையைத் தாமதமாக அழைத்துப் போகும் பெற்றோருக்கு 6 காப்பகங்களில் அபராதம் வைத்தார்கள். தாமதம் குறையவில்லை, ஏறத்தாழ இரண்டு மடங்கானது. ஆசிரியை காத்திருக்கிறாரே என்ற கூச்சம் போய், அதுதான் காசு கொடுக்கிறோமே என்று ஆகிவிட்டது. அபராதத்தை எடுத்த பிறகும் அந்தக் கூச்சம் திரும்பி வரவில்லை. கணக்கு முடிகிறது என்கிறீர்கள், கூடவே வேறொன்றும் முடிந்துபோகிறது.

இரவுப்பணி:
வீட்டுக்கு அனுப்பும்போது கட்டணமாகப் போகிற பணத்தைப் பற்றி யாராவது பேசினீர்களா? 200 டாலர் அனுப்பினால் உலக சராசரியாக 6 சதவீதத்துக்கு மேல் செலவாகிறது என்பது உலக வங்கிக் கணக்கு. 2030க்குள் 3 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவருவதாக ஐ.நா. இலக்கு வைத்திருக்கிறது. கட்டணமே இல்லை என்று விளம்பரம் செய்பவர்கள் நாணய மாற்று விகிதத்தில் எடுத்துக்கொள்கிறார்கள். வீட்டில் இருப்பவர்களோ இங்கே பணம் மரத்தில் காய்க்கிறது என்று நினைக்கிறார்கள்.

மழைக்காலம்:
அது உண்மை. "எவ்வளவு மிச்சம்?" என்று கேட்பவர்கள் "சாப்பிட்டாயா?" என்று கேட்பதில்லை.

எட்டாம் மாடி:
தம்பி, எல்லோரும் அவரவர் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அந்த அண்ணன் கேட்டது கடனா? சரியாக என்ன கேட்டார்?

புதியவன்:
கடன் இல்லை அண்ணா. அவருடைய நண்பரின் பணம் என் கணக்குக்கு வருமாம். கொஞ்சம் நான் வைத்துக்கொண்டு மீதியை அவர் சொல்லும் கணக்குக்கு அனுப்ப வேண்டுமாம். பாதி நேற்றே வந்துவிட்டது. நான் இன்னும் தொடவில்லை.

எட்டாம் மாடி:
இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். தொடாதது மிக நல்லது, இனியும் தொடாதீர்கள். திருட்டுப் பணத்தின் தடத்தை மறைக்கப் புதிதாக வந்தவர்களின் கணக்கைத் தேடுகிறார்கள். அந்த அண்ணனே ஏமாந்திருக்கலாம், அது நமக்குத் தெரியாது. ஆனால் சிக்குவது உங்கள் பெயர். கணக்கை முடக்குவார்கள், வழக்கு வந்தால் விசாவும் ஆட்டம் காணும்.

இப்போதே வங்கி அட்டையின் பின்புறம் இருக்கும் எண்ணுக்கு அழைத்து நடந்ததைச் சொல்லுங்கள். அவர் கெஞ்சினாலும் பணத்தை நீங்களாகத் திருப்பி அனுப்ப வேண்டாம். உண்மையான சொந்தக்காரர் புகார் செய்து வங்கி அதைத் திரும்ப எடுத்தால், இன்னொரு முறை உங்கள் கையிலிருந்து போகும். அவர் அனுப்பிய செய்திகளை அழிக்காதீர்கள். கணக்குத் திறந்தபோது கூட இருந்தார் என்கிறீர்களே, கடவுச்சொல்லை உடனே மாற்றுங்கள். எந்த நாடு, மாணவர் விசாவா வேலை விசாவா என்று எழுதினால் இலவசச் சட்ட உதவி எங்கே கிடைக்கும் என்று பார்க்கலாம்.

மழைக்காலம்:
தங்கிய நாட்களுக்கு ஈடு செய்ய வேண்டும் என்று உறுத்தினால், இதெல்லாம் ஓய்ந்த பிறகு உங்கள் சம்பளத்திலிருந்து வாடகையாகக் கொடுங்கள். கணக்கைக் கொடுக்காதீர்கள்.

புதியவன்:
கடவுச்சொல்லை மாற்றிவிட்டேன். வங்கிக்கு அழைத்திருக்கிறேன், காத்திருக்கச் சொல்கிறார்கள். மாணவர் விசாதான் அண்ணா. நாட்டின் பெயரைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.