ஸ்பீக்கர் ஒயரில் எது பிளஸ், எது மைனஸ்? பேஸே கேட்கவில்லை

இசைப்பித்தன்:
ஆம்ப்ளிஃபயரோடு இரண்டு ஸ்பீக்கர் இணைத்திருக்கிறேன். ஒயரின் உறை கண்ணாடி மாதிரி, உள்ளே இரண்டு பக்கமும் ஒரே செம்பு நிறம், சிவப்பு கறுப்பு என்று எதுவும் இல்லை. பாட்டு ஓடுகிறது, ஆனால் பேஸ், அதாவது கீழ்ச் சுரத்து அதிர்வொலி, சுத்தமாக இல்லை, பாடுகிறவர் குரல் நடுவிலிருந்து வராமல் எங்கிருந்தோ வருகிறது. ஒரு ஸ்பீக்கரை மட்டும் ஓட விட்டால் பேஸ் நன்றாகவே இருக்கிறது. பிளஸ் மைனஸ் மாறியிருக்குமோ? அப்படி இருந்தால் ஆம்ப் கெட்டுவிடுமா?

ஒலிவாணன்:
மாறியேதான் இருக்கிறது நண்பரே, நீங்கள் சொன்ன அறிகுறி எல்லாம் அதற்கே பொருந்துகிறது. ஆம்ப் கெடாது, பயப்பட வேண்டாம். ஒரு ஸ்பீக்கரின் கோன் (ஒலி எழுப்ப அசைகிற கூம்பு) முன்னால் வரும்போது இன்னொன்று பின்னால் போகிறது, ஒரே கதவை ஆளுக்கொரு பக்கம் நின்று தள்ளுவது போல. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமே கிட்டத்தட்ட 3.4 மீட்டர், ஸ்பீக்கர்கள் அதைவிட நெருக்கமாக இருப்பதால் பேஸ் ஒன்றையொன்று அழித்துவிடுகிறது, மேல் சுரங்களுக்கு அலை குட்டை என்பதால் அவை தப்பித்துக்கொள்கின்றன.

ஒயரை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு பக்கத்தில் சின்ன எழுத்தோ மெல்லிய கோடோ ஓடும். ஒன்றுமே தெரியாவிட்டால் நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள், ஒரு பக்கம் வழவழப்பாகவும் இன்னொரு பக்கம் வரி வரியாகவும் தட்டுப்படும். அடையாளம் உள்ள பக்கத்தைப் பிளஸ்ஸாக வைத்தாலும் சரி, மைனஸாக வைத்தாலும் சரி, இரண்டு முனையிலும், இரண்டு ஸ்பீக்கரிலும் அதையே கடைப்பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

மின்கம்பி:
ஒரு விஷயம் சேர்க்கிறேன். ஒயர் சுவருக்குள் போகிறது என்றால் அடையாளத்தை மட்டும் நம்பாதீர்கள், நடுவில் ஒட்டு இருக்கலாம். ஒயரை ஆம்ப், ஸ்பீக்கர் இரண்டிலிருந்தும் கழற்றிவிட்டு, ஒரு முனையில் 1.5 வோல்ட் பேட்டரியை வைத்து, மறுமுனையில் மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்துப் பாருங்கள். மீட்டரின் சிவப்பு ஒயர் முனை தொடுகிற கம்பியே பேட்டரியின் பிளஸ்ஸோடு சேர்ந்தது என்றால் அளவு நேராக வரும், மாறியிருந்தால் முன்னால் மைனஸ் குறி விழும்.

மீட்டர் இல்லையா, அதே பேட்டரியை ஆம்ப் பக்க முனையில் ஒரு நொடி தொட்டு எடுங்கள், ஸ்பீக்கர் மறுமுனையில் இருக்கட்டும். பேட்டரியின் பிளஸ் சரியான கம்பியில் பட்டால் பெரிய கோன் வெளியே நகரும், மாறினால் உள்ளே இழுக்கும். பிடித்துக்கொண்டே இருக்கக் கூடாது. ட்வீட்டர் (மேல் சுரங்களுக்கான சின்ன ஸ்பீக்கர்) தனியாக இருந்தால் இந்தச் சோதனையே வேண்டாம், அதன் உள்ளே இருக்கிற கம்பிச்சுருள் மெல்லியது.

சுருதி:
பிளஸ் மைனஸ் மாறுவதைவிட எனக்குக் கவலை பிசிறுதான். ஆம்ப்பை அணைத்துவிட்டு வேலை செய்யுங்கள். உறையை ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு உரித்தால் போதும், இழைகளை இறுக்கமாக முறுக்கி முழுவதும் துளைக்குள் போகிற மாதிரி செருகுங்கள். ஒரே ஒரு முடி அளவு இழை வெளியே நீட்டிக்கொண்டு பக்கத்து முனையைத் தொட்டால் ஷார்ட், ஆம்ப் போவது அதில்தான். அப்புறம், இடது, வலது இரண்டு சானலின் மைனஸும் ஒன்றுதானே என்று சேர்த்துவிடாதீர்கள். கிளாஸ் டி என்ற வகை ஆம்ப்கள் பலவற்றில் அந்த மைனஸ் கிரவுண்ட் கிடையாது, அதிலும் சிக்னல் ஓடும்.

இசைப்பித்தன்:
எல்லோருக்கும் நன்றி. நகம் வைத்துப் பார்த்ததில் வரி உள்ள பக்கம் நான்கு முனையிலும் பிளஸ்ஸில்தான் இருந்தது, குழம்பிவிட்டேன். மின்கம்பி அண்ணா சொன்னபடி மீட்டர் வைத்ததும் வலது ஒயரில் மைனஸ் குறி வந்தது, ஒயர் இழுத்தவர் உள்ளே எங்கோ மாற்றி ஒட்டியிருக்கிறார். ஸ்பீக்கர் பக்கம் மட்டும் இரண்டையும் மாற்றிச் செருகினேன், பேஸ் வந்துவிட்டது, குரலும் சரியாக நடுவில் நிற்கிறது. பெட்டியின் பின்பக்கத்தைத் திறந்து பார்த்தால் உள்ளே ட்வீட்டருக்குப் போகிற ஒயரும் மாறித்தான் இருக்கிறது, இரண்டு பெட்டியிலும். அதையும் திருப்பிவிடவா?

ஒலிவாணன்:
தொடவே தொடாதீர்கள். இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கிறது என்றால் அநேகமாகக் கம்பெனிக்காரர்களே தெரிந்து செய்ததுதான். பேஸையும் மேல் சுரத்தையும் பிரித்து அனுப்புகிற கிராஸ்ஓவர் சுற்று சிக்னலின் கட்டத்தை (அலையின் ஏற்ற இறக்க நேரத்தை) திருப்புகிறது, இரண்டாம் படி என்கிற வகை கிராஸ்ஓவரில் வூஃபரும் (பேஸுக்கான பெரிய ஸ்பீக்கர்) ட்வீட்டரும் சந்திக்கிற சுரத்தில் சத்தம் பள்ளமாகாமல் இருக்க ட்வீட்டரைத் தலைகீழாகக் கொடுப்பது வழக்கம். அந்த ஒட்டு இருக்கிற இடம் மட்டும் கைக்கு எட்டினால் பிரித்து, நன்றாகச் சேர்த்து, டேப் சுற்றிவிடுங்கள்.