கிட் செயலியின் அமைப்பையும் நிக்ஸ் கோப்பிலேயே எழுத வேண்டுமா?

எபேன்வாசி:
எங்கள் குழுவில் புதுக் கணினி வாங்கும் ஒவ்வொருவரும், நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியின் வரைகலைச் செயலியைத் திறந்து பெயர், மின்னஞ்சல், கையொப்பச் சாவி, நிறம் என்று பெட்டி பெட்டியாக நிரப்புகிறார்கள். கணினி அமைப்பைக் கோப்பாக எழுத உதவும் நிக்ஸ் கருவிக்குத் துணையான ஹோம் மேனேஜரில் இவற்றை எழுதிவைத்தால் ஒரே கட்டளையில் வேலை முடியும். 2024 ஜனவரியில் பெலால் புயல் வெள்ளம் மொரீஷியஸின் போர்ட் லூயிஸில் கார்களை அடித்துக்கொண்டு போனதே, அதில் ஒன்றில் என் தோழியின் மடிக்கணினி இருந்தது. நிரல் சேவையகத்தில் பத்திரமாக இருந்தது, அமைப்புகள்தாம் போயின. எல்லாவற்றையும் கோப்பில் எழுத வேண்டும் என்பதே என் கட்சி.

காத்ர்போர்ன் அக்கா:
கிட்டுக்குச் சரி தம்பி, வரைகலைச் செயலிக்குச் சரிவராது. ஹோம் மேனேஜர் வைக்கும் கோப்பு நிக்ஸ் தன் கோப்புகளைப் பூட்டிவைக்கும் கிடங்கைச் சுட்டும் இணைப்பு மட்டுமே. அதில் எழுத முடியாது. செயலியோ சாளரத்தின் அளவையும் கடைசியாகத் திறந்த நிரல் களஞ்சியத்தையும் தன் அமைப்புகள் இருக்கும் அதே ஜேசன் வடிவக் கோப்பில்தான் எழுதப் பார்க்கிறது. எங்கள் பயிற்சி வகுப்பில் ஒரு பெண் நிறத்தை மாற்றினாள், சேமிக்க முடியவில்லை. கோளாறு தன்னுடையது என்று நினைத்துக் கலங்கிவிட்டாள். புதியவர்களுக்கு இந்தத் தண்டனை எதற்கு?

எபேன்வாசி:
அதற்கு வழி இருக்கிறது அக்கா. முழுக் கோப்பையும் பூட்டாமல், ஹோம் மேனேஜர் இயங்கும்போது நமக்கு வேண்டிய மதிப்புகளை மட்டும் ஜேசனைத் திருத்தும் ஜேக்யூ கருவி கொண்டு உள்ளே சேர்க்கலாம். மற்றதைச் செயலி தன் விருப்பப்படி எழுதிக்கொள்ளட்டும்.

ரோஸ்ஹில் நிரலாளர்:
இடையில் ஒரு எச்சரிக்கை. கடவுச்சொல் போன்ற ரகசியமான அணுகல் டோக்கனை நிக்ஸ் கோப்பில் எழுதவே எழுதாதீர்கள். நிக்ஸ் கிடங்குக்குள் போவதை அந்தக் கணினியின் எல்லாப் பயனரும் படிக்கலாம். கோப்பையே பொதுவெளியில் வைத்திருப்பவர்களும் உண்டு!

காத்ர்போர்ன் அக்கா:
நன்றி, இதைத்தான் சொல்ல வந்தேன். தம்பி, ஜேசனில் சேர்க்கும் அந்தத் துணுக்கை யார் பராமரிப்பது? செயலி அடுத்த பதிப்பில் ஜேசனில் உள்ள அமைப்பின் பெயரை மாற்றினால் பிழைச் செய்தி எதுவும் வராது. மதிப்பு சத்தமில்லாமல் பயனற்றுப் போகும். கிட்டின் சொந்த அமைப்போ ஆவணப்படுத்தப்பட்டது, ஆண்டுக்கணக்கில் மாறாதது. 2017இல் 2.13 பதிப்பில் வந்த நிபந்தனைச் சேர்ப்பு இன்றும் அப்படியே இயங்குகிறது: அலுவலகக் கோப்புறைக்கு ஒரு மின்னஞ்சல், சொந்த வேலைக்கு வேறு. பெயரும் மின்னஞ்சலும் அங்கே இருந்தால் பெரும்பாலான வரைகலைச் செயலிகள் தாமே எடுத்துக்கொள்ளும். உங்கள் தோழிக்கும் அதுவே போதுமானதாக இருந்திருக்கும்.

எபேன்வாசி:
பெயர், மின்னஞ்சல், கையொப்பம் மூன்றும் கிட் அமைப்பில்தான் இருக்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஒப்பீட்டுக் கருவியையும் குறுக்குவிசைகளையும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். துணுக்கை நானே பராமரிக்கிறேன். இன்றிரவு இங்கே பதிவிடுகிறேன்.

காத்ர்போர்ன் அக்கா:
பதிவிடுங்கள், படித்துப் பார்க்கிறேன். வகுப்பில் கட்டாயமாக்கச் சொன்னால் மட்டும் எதிர்ப்பேன்.