சான்றிதழ்ப் பிரிவுக்கு எத்தனை ஆள் வேண்டும்? நாங்கள் கணக்குப் போட்ட அனுபவம்

பல்கலைக்கழகச் சான்றிதழ்ப் பிரிவில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இணைப்புக் கல்லூரிகள் கூடிக்கொண்டே போயின, பிரிவில் மட்டும் அதே ஆறு பேர். ஆள் கேட்டு எழுதினால், தபால் எண்ணிக்கை அவ்வளவாகக் கூடவில்லையே என்று நிதிப் பிரிவிலிருந்து கோப்பு திரும்பிவிடும். அவரவருக்கு வரும் தபாலைப் பதிந்து வைக்கும் தன்பதிவேட்டில் எந்தத் தபாலாக இருந்தாலும் ஒரு வரிதான், அங்கேதான் சிக்கல்.

சரி என்று, இரண்டு வாரம் அரை மணிக்கு ஒருமுறை என்ன வேலை பார்த்தோம் என்று ஆளுக்கொரு நோட்டில் எழுதினோம். சமீபத்திய மதிப்பெண் பட்டியலுக்கு நகல் என்றால் கணினியில் எடுத்து, சரிபார்த்து, கையெழுத்துக்கு வைக்கப் பத்து நிமிடம். ஆனால் 1984-இல் படித்தவரின் சான்றிதழ் உண்மைதானா என்று கேட்டு ஒரு கடிதம் வந்தால், ஏணி போட்டு மேல்தட்டிலிருந்து அந்தத் தடித்த பதிவேட்டை இறக்க ஒருவர், கீழே வாங்க ஒருவர், அப்புறம் ஒட்டிப்போன தாள்களை ஸ்கேலால் கிழியாமல் பிரித்துப் பதிவெண்ணைத் தேடி ஒவ்வொரு பாடமாக ஒப்பிட வேண்டும். முக்கால் மணி நேரம் போய்விடும். அதுவும் ஒரே வரி!

365 நாளில் சனி ஞாயிறு 104, அரசு விடுமுறை, தற்செயல் விடுப்பு 12, ஈட்டிய விடுப்பு எல்லாம் போக ஒருவருக்கு 220 நாள் தேறினாலே அதிகம். நாளுக்கு ஆறரை மணி வைத்தால் 1,430 மணி நேரம். ஒவ்வொரு வகைத் தபாலுக்கும் ஆகும் நேரத்தை ஆண்டு எண்ணிக்கையோடு பெருக்கிக் கூட்டினால் எங்கள் வேலை ஏறத்தாழ 12,900 மணி நேரம் வந்தது. அதாவது ஒன்பது பேர்.

—

சார், நான் வேறொரு பல்கலைக்கழகத்தில் தேர்வுப் பிரிவு உதவியாளர். ஆண்டுச் சராசரியை மட்டும் நம்பாதீர்கள், நாங்கள் நம்பி அவதிப்பட்டோம். ரிசல்ட் வந்த மறுநாளே மறுமதிப்பீடு, விடைத்தாள் நகல் விண்ணப்பங்கள் மொத்தமாக வந்து விழும், அந்த மூன்று வாரத்துக்கு எங்கள் ஆறு பேரும் போதாது. இன்னொன்று, தொகுப்பூதியத்தில் எட்டு வருடம் இருந்த பெண்ணை எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லை. அவர் வேலையை விட்டுப் போன பிறகுதான் எந்தப் பதிவேடு எந்த அலமாரியில் என்பது வேறு யாருக்கும் தெரியாது என்று புரிந்தது. இன்றும் அவருக்குத்தான் போன் செய்கிறோம், மனசு கேட்கவில்லை.

—

உண்மை மேடம், அவர்களையும் பணியிடமாக எண்ணித்தான் ஆக வேண்டும். எங்களுக்கு மூன்று கேட்டு இரண்டு கிடைத்தது. ஒருவரைக் கவுன்ட்டருக்கும் போனுக்கும் மட்டும் என்று உட்கார வைத்தேன். பதிவேடு பார்க்கிறவரை நடுவில் எழுப்புவது அன்றோடு நின்றது.