தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது: பழைய காயமா, வெறும் வசதியா?

தூண்டில்:
ஒருவர் ஏன் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறார் என்று யாரைக் கேட்டாலும் இப்போது ஒரே பதில், "சின்ன வயதில் பட்ட காயம்". காயமெல்லாம் தேவையே இல்லை. 1959-ல் ஃபெஸ்டிங்கர், கார்ல்ஸ்மித் என்ற இரு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை ஒரு மணி நேரம் படு போரான வேலை செய்யவைத்து, அடுத்து வருபவரிடம் "ஜாலியாக இருந்தது" என்று பொய் சொல்லச் சொன்னார்கள். அதற்கு 20 டாலர் வாங்கியவர்கள் பிறகு கேட்டபோது அப்படியொன்றும் ரசிக்கவில்லை என்றார்கள். 1 டாலர் வாங்கியவர்களோ நிஜமாகவே பிடித்திருந்தது என்றார்கள். அற்பக் காசுக்குப் பொய் சொன்னோம் என்பது உறுத்தியதால் பொய்யையே நம்பிவிட்டார்கள். இதில் காயம் எங்கே வந்தது?

அல்லி:
சரி, அது ஒரு மணி நேரச் சங்கதி. நான் சொல்வது ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்ளும் பொய்யை. அடிப்பவரும் சோறு போடுபவரும் ஒரே ஆள் என்றால் குழந்தை கோபித்துக்கொண்டு எங்கே போகும்? துரோகத்தைக் கண்டுகொண்டால் அவரை அண்டி வாழ முடியாது, அதனால் காணாமல் இருக்கப் பழகுகிறது என்று 1990-களில் உளவியலாளர் ஜெனிஃபர் ஃப்ரெய்ட் விளக்கினார். அதற்கு வெகு முன்பே, 1943-ல், உளப்பகுப்பாய்வாளர் ஃபேர்பெர்ன் சொன்னது இன்னும் கொடுமை: பெற்றவர் கெட்டவர் என்று நம்புவதைவிட நான்தான் கெட்டவன் என்று நம்புவது குழந்தைக்குச் சுலபம், ஏனென்றால் தான் திருந்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற ஆசையாவது மிஞ்சும்.

எனக்குத் தெரிந்த ஒருவர், அப்பா இருட்டறையில் பூட்டிவைத்ததைத் தமாஷாகத்தான் சொல்வார். சொல்லி முடிப்பதற்குள் கையிலிருக்கும் ரசீதை மடித்து மடித்து நகத்தளவுக்குக் கொண்டுவந்துவிடுவார். "என் நல்லதுக்குத்தானே" என்பார். அவர் வீட்டில் உள் கதவு ஒன்றுக்கும் தாழ்ப்பாள் கிடையாது.

தூண்டில்:
பாவம்தான். ஆனால் "நன்றாகத்தான் வளர்ந்தேன்" என்றால் மறைக்கிறார் என்பீர்கள், "கஷ்டப்பட்டேன்" என்றால் பார்த்தீர்களா என்பீர்கள். எப்படிப் போட்டாலும் உங்களுக்கே விழுகிற தாயம் இது! "எல்லாம் என் பால்யத்தால் வந்தது" என்பதே சிலருக்கு வசதியான சுயஏமாற்றுதான், அதை ஏன் யாரும் பேசுவதில்லை?

நடுவான்:
பிறரை நம்பும்படி ஏமாற்றத்தான் முதலில் நம்மையே ஏமாற்றிக்கொள்கிறோம் என்று 1976-லேயே பரிணாம உயிரியலாளர் ராபர்ட் ட்ரிவர்ஸ் எழுதிவிட்டார். இரண்டு பேரும் அந்தப் பக்கமே போகவில்லையே?

அல்லி:
நடுவான், அதுவும் என் பக்கம்தான் வருகிறது. பயம் முகத்தில் தெரிந்தால் அடி கூடும் என்கிற வீட்டில், பயமே இல்லை என்று தானே நம்பிவிடுகிற குழந்தைதான் நன்றாகச் சிரிக்கும்.

தூண்டில், இந்தத் திறமை எல்லோருக்கும் உண்டு, யார் இல்லை என்றது? மாணவர்கள் அந்தப் பொய்யை விட்டால் கொஞ்சம் வெட்கம், அவ்வளவுதான். இவர் விட்டால் அப்பாவையே இழக்க வேண்டும். அப்புறம், மறுப்பதையே நான் ஆதாரமாக்கவில்லை. வாய் ஒன்று சொல்ல, வீடு வேறு சொல்கிறதே, அதைத்தான் பார்க்கிறேன்.

தூண்டில்:
தாழ்ப்பாள் ஏன் இல்லை என்று அவரையே கேட்டீர்களா?

அல்லி:
கேட்டேன். மரம் உப்பிக் கதவு மாட்டிக்கொள்ளும் என்றார். எல்லாக் கதவுமா என்றதும் பேச்சை மாற்றிவிட்டார்.

தூண்டில்:
என் வீட்டுக் கதவை இப்படி எண்ணிக்கொண்டு வந்தால் நானும்தான் மாற்றுவேன்.