உப்புவெளி இரவு விடுதியில் ஆடுகிறேன்: உடைமாற்றும் அறைச் சண்டைகளில் சிக்காமல் இருப்பது எப்படி?

கேள்வி: கரையோரம்

உறவுகளுக்கு வணக்கம். நான் திருகோணமலையைச் சேர்ந்தவள். உப்புவெளியில் ஒரு ஹோட்டலின் இரவு விடுதியில், ஐந்து பெண்கள் கொண்ட நடனக் குழுவில் ஆடுகிறேன். மே மாதம் தொடங்கி செப்டெம்பர் வரை எங்கள் கரையில் வெளிநாட்டுப் பயணிகள் நிறைந்திருப்பார்கள். மாரி தொடங்கியதும் எங்கள் குழு ஹிக்கடுவைப் பக்கம் போய்விடும். ஆட்டத்தில் எனக்குக் குறையில்லை, சம்பளமும் நேரத்துக்கு வருகிறது. தொல்லை எல்லாம் மேடைக்குப் பின்னால்தான்.

உடைமாற்ற எங்களுக்குத் தந்திருப்பது சமையலறைக்குப் பின்னால் இருக்கும் களஞ்சிய அறை. சோடாப் பெட்டிகளுக்கு நடுவே ஒரு கண்ணாடியும், முடியை நேராக்கும் கருவியைச் செருக ஒரேயொரு பிளக்கும் உண்டு. கண்ணாடிக்கு முன்னால் யார் முதலில் நிற்பது என்பதில் தொடங்கும் முணுமுணுப்பு, முன்வரிசையில் யார் ஆடுவது, எந்த மேசையிலிருந்து யாருக்கு டிப்ஸ் வந்தது, முகாமையாளர் நேற்று யாரைத் தன் காரில் கொண்டுபோய் இறக்கினார் என்று வளர்ந்து, விடிவதற்குள் வாட்ஸ்அப்பில் ஆளுக்கொரு குழுவாகப் பிரிந்துவிடுகிறது. எங்களில் இருவர் சிங்களப் பெண்கள். நாங்கள் தமிழில் ஏதாவது பேசிச் சிரித்தால் தங்களைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று அவர்கள் முகம் சுருங்குகிறது, அவர்கள் சிங்களத்தில் சிரிக்கும்போது எங்களுக்கும் அப்படியேதான்.

ஊரோ சிறியது. இரவு அங்கே பேசிய கதை மறுநாள் பத்திரகாளி அம்மன் கோயில் வாசலில் யாரோ ஒரு மாமியின் வாயில் வந்து நிற்கும். நான் எங்கே வேலை செய்கிறேன் என்பது அம்மாவுக்கு மட்டுமே முழுமையாகத் தெரியும். எந்தப் பக்கமும் சேராமலும், அதே வேளை தலைக்கனம் பிடித்தவள் என்று பெயர் எடுக்காமலும் இந்தப் பருவத்தை முடிக்க வழி சொல்லுங்கள்.

பதில்: சலங்கை

தங்கச்சி, நான் கொழும்பில் பல காலம் மேடை நிகழ்ச்சிகளில் ஆடிவிட்டு, இப்போது நகரத்தில் பிள்ளைகளுக்கு நடனம் சொல்லிக் கொடுக்கிறேன். நீங்கள் எழுதிய அறையை நான் நன்றாக அறிவேன். எந்த விடுதிக்குப் போனாலும் அந்தக் கண்ணாடி ஒன்றுதான்.

அதற்கு என் வழக்கம், தலையையும் முகத்தையும் வீட்டிலேயே முடித்துக்கொண்டு, அறைக்கு வந்து உடையை மட்டும் மாற்றுவது. ஒரு சிறிய கைக்கண்ணாடியும் சொந்தமாக வைத்திருந்தால் போட்டியிலிருந்து நீங்களாகவே விலகிவிடுவீர்கள், அதற்காக யாரிடமும் விளக்கம் சொல்லவும் வேண்டியதில்லை. உதட்டுச்சாயம், ஊசி, காதணி எதையும் இரவல் வாங்காதீர்கள், கொடுக்கவும் வேண்டாம். ஊசி கேட்டால் ஒரு பெட்டி வாங்கிப் பொதுவில் வைத்துவிடுங்கள். சின்னச் செலவுதான், ஆனால் உங்களைத் திமிர்காரி என்று சொல்ல நினைப்பவளுக்கும் அது வாயை அடைத்துவிடும்.

ஒருத்தி இன்னொருத்தியைப் பற்றிச் சொல்ல வரும்போது, "அதை அவளிடமே கேளுங்களேன், எனக்குத் தெரியாது" என்ற ஒரே பதிலைச் சலிக்காமல் சொல்லுங்கள். புத்திமதி சொல்லப் போகாதீர்கள். "அப்படியா" என்று வியக்கவும் போகாதீர்கள், ஏனென்றால் அந்த "அப்படியா" தான் மறுநாள் "அவளும் அப்படித்தான் சொன்னாள்" என்று உருமாறி வரும். கதை காவுகிறவர்களுக்குக் கேட்பவர் முகத்தில் ஏதாவது அசைய வேண்டும். அசையாவிட்டால் தாமாகவே வேறு ஆளைத் தேடிப் போவார்கள்.

மொழி விடயத்தில், அறைக்குள் எல்லோரும் இருக்கும் நேரத்தில் எல்லோருக்கும் விளங்கும் மொழியில் பேசுவது நல்லது. உடைந்த சிங்களமானாலும் பரவாயில்லை. நாம் தப்பாகப் பேசுவதைக் கேட்டு அவர்கள் சிரித்துவிட்டால் பாதிச் சந்தேகம் அங்கேயே கரைந்துவிடும்.

பதில்: பழைய காசாளர்

சலங்கை அக்கா சொன்னது பழக்கவழக்கத்துக்குப் பொருந்தும். ஆனால் நான் நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் காசாளராக இருந்து கண்டது வேறு: பெண்களின் குணத்தால் வந்த சண்டையாக எல்லோரும் பேசியதில் பெரும்பகுதி, கணக்கு எழுதாமல் விட்டதால் வந்த சண்டை. மேசையில் வைத்த டிப்ஸ் பரிமாறுபவருக்கா, ஆடியவருக்கா, குழுவுக்கா என்று யாரும் தீர்மானிக்காத இடத்தில் மகாலட்சுமியே வந்து வேலை செய்தாலும் மனஸ்தாபம் வரும்.

ஒரு சி.ஆர். கொப்பி (கணக்கு எழுதும் தடித்த அட்டைக் கொப்பி) வாங்கி, ஆட்டம் முடிந்தவுடன் எல்லோர் கண்முன்னாலும் பெட்டியைத் திறந்து எண்ணி, திகதியோடு தொகையை எழுதி, அங்கேயே பிரித்துக் கையொப்பம் வாங்குங்கள். சம பங்கா, ஆடிய எண்ணிக்கைப்படியா என்பதைப் பருவத் தொடக்கத்திலேயே பேசி முடிக்க வேண்டும். முன்வரிசைக்கும் இதே வழிதான்: கிழமைக்கு ஒருவராகச் சுற்றி வரும் பட்டியலைச் சுவரில் ஒட்டிவிட்டால், முகாமையாளருக்குப் பிடித்தவள் யார் என்ற பேச்சுக்கு வேலை குறையும். இதையெல்லாம் நீங்கள் தனியாகப் போய்க் கேட்காமல், குழுத் தலைவி வாயிலாக எல்லோர் பெயரிலும் கேளுங்கள். போயா எனும் பௌர்ணமி விடுமுறை நாளில் மதுபானம் விற்க முடியாது, அதனால் உங்கள் விடுதியும் அன்று அடங்கித்தான் இருக்கும். ஆறுதலாக உட்கார்ந்து பேச அந்த நாள் உகந்தது.

பற்றுச்சீட்டில் சேர்க்கும் 10% சேவைக் கட்டணம் ஹோட்டல் ஊழியர்களுக்குப் பிரிக்கப்படுவது. ஒப்பந்தத்தில் வரும் நடனக் குழுவுக்கு அதில் பங்கு உண்டா, உங்களை வேலைக்கு வைத்திருப்பது ஹோட்டலா அல்லது குழுத் தலைவியா என்பதைக் கடதாசியில் கேட்டு வாங்குங்கள். ஹோட்டல் என்றால் தற்காலிக ஊழியராக இருந்தாலும் ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8%, அவர்கள் பங்காக 12%, அதற்கு மேல் நம்பிக்கை நிதிக்கு 3% கட்ட வேண்டும்.

பதில்: ஊர்க்குருவி

இவ்வளவு தொல்லை எதற்கு? குடும்பப் பெண்ணுக்கு இந்த வேலை வேண்டாம் என்பதே என் கருத்து.

பதில்: சலங்கை

ஊர்க்குருவி அவர்களே, அவர் கேட்டது வேலையைச் செய்யும் வழி. விடும் வழி அல்ல.

பதில்: நள்ளிரவுச் சட்டத்தரணி

சகோதரி, உங்கள் கேள்வியில் ஒரு வரி என்னை உறுத்துகிறது. முகாமையாளர் யாரைக் காரில் இறக்கினார் என்பதைக் கண்ணாடிச் சண்டையோடு ஒன்றாக எழுதிவிட்டீர்கள். அவள் விரும்பிப் போனால் அது அவளுடைய சொந்த விடயம், நீங்கள் வாயே திறக்கத் தேவையில்லை. விரும்பாமல், மறுத்தால் முன்வரிசை போய்விடும் என்ற பயத்தில் போகிறாள் என்றால் அது வம்பு அல்ல, குற்றம். 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு பாலியல் தொந்தரவுக்கு ஐந்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்க இடமளிக்கிறது. வேலைத்தலத்தில் அதிகாரத்தில் இருப்பவரின் விரும்பத்தகாத சொல்லும் செயலும் அதற்குள் அடங்கும். எந்தப் பக்கமும் சேராமல் இருப்பது என்ற உங்கள் கொள்கையை இங்கே கொண்டுவராதீர்கள். திகதி, நேரம், சொன்ன வார்த்தை ஆகியவற்றை அன்றன்றே எழுதி வைக்கவும், குறுஞ்செய்திகளை அழிக்காமல் வைக்கவும் அவளிடம் சொல்லுங்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. பொலிஸில் பெண்கள், சிறுவர் பிரிவும் இருக்கிறது.

நடைமுறையில் இந்தப் பேச்சை அடக்கச் சுலபமான வழி, ஆட்டம் முடிந்ததும் எல்லோரையும் ஒரே வான் வண்டியில் நகரம் வரை கொண்டுபோய் விடும்படி ஹோட்டலிடம் கேட்பதுதான்.

கேள்வியாளர்: கரையோரம்

எல்லோருக்கும் நன்றி. வான் விடயத்தை எங்கள் குழுத் தலைவி ஏற்கெனவே கேட்க நினைத்திருந்தாராம், சி.ஆர். கொப்பியையும் சேர்த்து வருகிற போயா அன்று பேசுவதாகச் சொல்கிறார். கார் பற்றி அந்தப் பெண்ணிடம் தனியாகக் கேட்கப் போகிறேன். இன்னும் ஒரு சந்தேகம்: நான் ஆடும்போது எடுத்த காணொளியைக் குழுவில் ஒருத்தி தன் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டாள். சண்டை இல்லாமல் எடுக்கச் சொல்வது எப்படி?

பதில்: சலங்கை

வாட்ஸ்அப்பில் எழுதாதீர்கள், அந்த எழுத்தும் நாளை ஒரு படமாகச் சுற்றும். ஆட்டத்துக்கு முன்னால் வேண்டாம், முடிந்து எல்லோரும் களைத்து இருக்கும்போதும் வேண்டாம். நாளைக்கு அவள் வரும் நேரத்துக்கு வாசலிலேயே நின்று, "என் வீட்டில் முழுதாகத் தெரியாது, இதை இப்போதே எடுத்துவிடு, இனி என்னைக் கேட்காமல் போடாதே" என்று அவளிடம் மட்டும் சொல்லுங்கள். ஏன் போட்டாய் என்று கேட்க வேண்டாம். அவள் மறுத்தால் மட்டும் குழுத் தலைவியிடம் போங்கள். போயா அன்று பேசும்போது, உடைமாற்றும் அறைக்குள் கைத்தொலைபேசியால் படம் எடுக்கக் கூடாது என்பதையும் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். அவள் பெயரை அங்கே எடுக்க வேண்டாம்.