மத்தியானம் வடிச்ச சோறு ராத்திரி வரைக்கும் வெளிய இருக்கலாமா? எத ஃப்ரிட்ஜ்ல வைக்கணும், எத வைக்கக் கூடாது?

பெரம்பூர்_அம்மா

எல்லாருக்கும் வணக்கம். போன செவ்வாய்க்கிழமை நடந்தத சொல்லிட்டு கேள்விக்கு வரேன். மத்தியானம் 12 மணிக்கு சோறு வடிச்சேன், சாப்ட்டது போக ரெண்டு பேருக்கு ஆகுற அளவு மிச்சம் இருந்துச்சு, மூடி போட்டு அடுப்பு மேடையிலயே வச்சுட்டேன், எப்பவும் அப்படித்தான் வைப்பேன். ராத்திரி 8 மணிக்கு தொட்டுப் பாத்தேன், பிசுபிசுப்பு இல்ல, வாடை இல்ல, சரின்னு லெமன் சாதமா கிளறி நல்லா சூடு பண்ணித்தான் பையனுக்கு குடுத்தேன். அவனுக்கு 6 வயசு. 10 மணிக்கு மேல வாந்தி ஆரம்பிச்சுது, விடாம நாலு தடவ, கொழந்த துவண்டு போயிட்டான். தூக்கிட்டு ஓடினோம், டாக்டர் முதல்ல கேட்டதே சோறு எப்ப வடிச்சதுன்னுதான். ஓஆர்எஸ் குடுத்து காலைல சரியாயிட்டான், ஆனா எனக்கு அன்னைலேர்ந்து மனசே ஆறல.

அத்தை என்ன சொல்றாங்கன்னா, நாங்க பழைய சோறு தின்னுதான் வளந்தோம், எங்க காலத்துல ஏது ஃப்ரிட்ஜு, ஃப்ரிட்ஜ்ல வச்சு எடுத்து திங்கறதுதான் ஒடம்புக்கு ஆகாதுன்னு. அவங்க சொல்றத ஒரேயடியா தள்ளவும் முடியல, ஏன்னா அவங்க ராத்திரி வெளியவே வச்ச வத்தக்குழம்ப மறுநாளும் சாப்ட்டிருக்கோம், ஒண்ணும் ஆனதில்ல. அப்ப சோறு மட்டும் ஏன் இப்படி ஆச்சு, அதுவும் சூடு பண்ணின அப்பறம்? எங்கள்து 190 லிட்டர் சிங்கிள் டோர், பாதி எடத்த மாவு பாத்திரமே அடைச்சுக்குது, எல்லாத்தையும் உள்ள வைக்க எடமும் இல்ல. எத கண்டிப்பா வைக்கணும், எத வெளிய விடலாம், தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஹாஸ்டல்_கிச்சன்

படிக்கவே கஷ்டமா இருந்துச்சு மா, பையன் சரியாயிட்டான்ல, அது போதும். நான் ஹோம் சயின்ஸ் படிச்சுட்டு ஒரு லேடீஸ் ஹாஸ்டல் சமையல்கட்ட பாத்துக்கறேன், தினம் 300 பேருக்கு சோறு வடியுது, அதனால இந்த விஷயத்துல நான் ரொம்ப கண்டிப்பா இருப்பேன்.

அரிசில பேசில்லஸ் சீரியஸ்னு ஒரு கிருமி இருக்கும், மண்ணுலேர்ந்து வர்றது, எந்த அரிசிலயும் இருக்கலாம். சோறு கொதிக்கறப்ப கிருமி செத்துடும், ஆனா அதோட வித்து சாகாது, அது கொதிநிலையையும் தாங்கும். சோறு ஆறி வெதுவெதுப்பா வந்தவுடனே வித்து முளைச்சு பெருக ஆரம்பிக்கும், பெருகறப்ப ஒரு நஞ்ச விடும். மறுபடி சூடு பண்ணினா கிருமி சாகும், ஆனா அந்த நஞ்சு அப்படியே நிக்கும், தாளிச்சாலும் போகாது, கொதிக்க வச்சாலும் போகாது. சாப்ட்ட அரை மணிலேர்ந்து 6 மணி நேரத்துக்குள்ள வாந்தி வரும், உங்க பையனுக்கு வந்த மாதிரியே. வாடையும் வராது, சோறு பிசுபிசுன்னும் ஆயிருக்காது, அதான் கொடுமை. அதனால உங்கள நீங்களே திட்டிக்காதீங்க, தொட்டுப் பாத்து மோந்து பாத்து இத கண்டுபிடிக்கவே முடியாது.

உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்கு, சமைச்சத ரெண்டு மணி நேரத்துக்கு மேல வெளிய விடாத, சூடா வச்சா 60 டிகிரிக்கு மேல, குளிரா வச்சா 5 டிகிரிக்கு கீழ. நடுவுல இருக்கறதுதான் கிருமிக்கு கொண்டாட்டம். நம்மூர் மே மாசத்துல அடுப்படி 35, 36 டிகிரி சாதாரணமா இருக்கும், அப்ப நான் ரெண்டு மணி நேரம்கூட விடமாட்டேன், ஒரு மணி நேரம்தான்.

இன்னொண்ணு, மூடி போட்டு குண்டானோட வச்சா உள்ள இருக்கற சோறு மணிக்கணக்கா வெதுவெதுன்னே இருக்கும். நாங்க என்ன செய்வோம்னா மிச்ச சோத்த தாம்பாளத்துல பரப்பி ஃபேனுக்கு கீழ வச்சுடுவோம், 20 நிமிஷத்துல ஆறிடும், அப்பறம் உயரமில்லாத டப்பால போட்டு ஃப்ரிட்ஜ்ல. மறுநாளுக்குள்ள ஒரே தடவ ஆவி பறக்க சூடு பண்ணி சாப்ட்டுடணும், அதுக்கு மேல வைக்கறது இல்ல.

நாகை_கடலோரம்

எனக்கு வயசு 63 மா. ஒன் மாமியார் சொல்றது பொய் இல்ல, ஆனா பாதிதான் சொல்லியிருக்காங்க. பழைய சோறுன்னா மிச்ச சோத்த சும்மா மூடி வைக்கறது இல்ல. எங்க வீட்ல ராத்திரி சோத்துல சூடு அடங்கினவுடனே மண்பானைல போட்டு சோறு மூழ்கி நாலு வெரக்கட மேல நிக்கற மாதிரி தண்ணி ஊத்துவோம், காலைல திறந்தா இதமா ஒரு புளிப்பு வாசம் வரும், ஒரு கை மோர் விட்டு உப்பு போட்டு சின்ன வெங்காயத்த கடிச்சுக்குவோம். அதே சோறு தண்ணி ஊத்தாம கெடந்தா அது பழைய சோறே இல்ல, ஆறின சோறு, எங்க அம்மா அத மாட்டுத் தொட்டிலதான் கொட்டுவாங்க. வெயில் காலத்துல மத்தியான சோத்த ராத்திரிக்கு வைக்கவே மாட்டாங்க, ராத்திரிக்கு தனியா ஒல வைப்பாங்க. ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்துலயும் நெறய கட்டுப்பாடு இருந்துச்சு மா, அதயெல்லாம் விட்டுட்டு வெளிய வைக்கறத மட்டும் புடிச்சுக்கிட்டா எப்படி?

குழம்பு வேற கத. வத்தக்குழம்புல புளி, உப்பு, நல்லெண்ண எல்லாம் தூக்கலா, தண்ணி வத்தி சுண்டியிருக்கும், அது தாங்கும். படுக்கப் போறதுக்கு முன்ன ஒரு கொதி விட்டு எறக்கி வச்சுட்டா அப்பறம் அதுல கரண்டி படக்கூடாது, எச்சி கை படவே கூடாது. சாம்பார் அப்படி இல்ல, பருப்பு போட்டதெல்லாம் வெரசா ஊசிப்போயிடும், கரண்டில எடுத்தா நூல் விடும். தேங்கா அரச்சு ஊத்தின குழம்பும் கூட்டும் பொழுது தாண்டாது. சட்னிய கேக்கவே வேணாம்.

மீன் குழம்பு மறுநாள்தான் ருசின்னு எல்லாரும் சொல்லுவாங்க, நாங்களும் அப்படித்தான் சாப்புடுவோம், ஆனா மீன் வாங்கறப்பவே ஐஸ்ல இருந்த மீனா பாத்து வாங்கணும். கானாங்கெளுத்தி, சூரை, மத்தி இதெல்லாம் வெயில்ல கெடந்துட்டா எவ்ளோ கொதிக்க விட்டாலும் சில பேருக்கு மூஞ்செல்லாம் செவந்து தடிச்சு அரிப்பு எடுக்கும், கரையில இத நான் நெறய பாத்திருக்கேன்.

ஹாஸ்டல்_கிச்சன்

அம்மா சொன்னது அத்தனையும் சரி. பழைய சோத்துல ராத்திரி பூரா புளிப்பு கிருமி, அதாவது தயிர்ல இருக்கற வகை, வளந்து தண்ணிய புளிக்க வைக்கும், புளிப்பு ஏற ஏற கெட்ட கிருமிக்கு வளர எடம் குறையும். அதுக்காக நாள் பூரா வெளிய கெடந்த சோத்துல தண்ணி ஊத்தினா பழைய சோறு ஆயிடாது, விட்ட நஞ்சு விட்டதுதான். மீன்ல வர்றது ஹிஸ்டமின், பச்சை மீன் சூட்டுல இருக்கறப்பவே உண்டாயிடும், அதுவும் கொதிக்க வச்சா போகாது. "சூடு பண்ணிட்டா சரியாயிடும்"ங்கற நம்பிக்கை இந்த ரெண்டு எடத்துலயும் நம்மள ஏமாத்திடும்.

குளிர்_மெக்கானிக்

நான் 17 வருஷமா ஃப்ரிட்ஜ் சர்வீஸ் பண்றேங்க. இங்க எல்லாரும் ஃப்ரிட்ஜ்ல வைங்கன்னு சொல்றீங்க, அந்த ஃப்ரிட்ஜ் உள்ள உண்மையிலேயே குளிருதான்னு யாரும் பாக்கறதில்ல, நான் போற வீட்ல பாதிக்கு மேல உள்ள 9 டிகிரி, 10 டிகிரி நிக்குது, தண்ணி ஜில்லுனு இருக்கறதால நல்லா ஓடுதுன்னு நெனச்சுக்கறாங்க. 4 டிகிரி இருக்கணும். ஒரு சின்ன தெர்மாமீட்டர் வாங்கி நடுத் தட்டுல ஒரு டம்ளர் தண்ணிக்குள்ள போட்டு ஒரு ராத்திரி விட்டுப் பாருங்க. அப்பறம் ஒரு பத்து ரூபா நோட்ட கதவுக்கும் பாடிக்கும் நடுவுல வச்சு மூடி இழுங்க, இறுக்கமா வந்தா கேஸ்கெட், அதான் கதவ சுத்தி இருக்கற ரப்பர், நல்லாருக்கு, வழுக்கிட்டு வந்தா அந்த எடத்துல ரப்பர் போச்சு, குளிர் பூரா வெளிய போகுதுன்னு அர்த்தம். நாலு பக்கமும் பாருங்க, கீழ் மூலைதான் முதல்ல போகும்.

சிங்கிள் டோர்ல ஃப்ரீசருக்கு நேர் கீழ இருக்கற ட்ரேதான் ரொம்ப குளிரான எடம், பால் பாக்கெட், மீன், கறி அங்க. கதவுதான் ரொம்ப சூடான எடம், தெறந்து தெறந்து மூடுறோம்ல, அங்க போய் பால வைக்காதீங்க, ஊறுகா, சாஸ், தண்ணி பாட்டில் மட்டும் வைங்க. ஃப்ரீசர்ல ஐஸ் கட்டி நின்னா குளிர் கீழ எறங்காது, டீஃப்ராஸ்ட் பட்டன அமுக்கி உருக விடுங்க, தயவுசெஞ்சு கத்திய வச்சு குத்தாதீங்க, கேஸ் ட்யூப்ல ஓட்ட விழுந்தா அப்பறம் பெரிய செலவு. கொதிக்கற குண்டான அப்படியே உள்ள தள்ளினாலும் பக்கத்துல இருக்கற பாலு சூடாயிடும். பச்சத்தண்ணி இருக்கற அன்னக்கூடைல பாத்திரத்த உக்கார வச்சு பத்து நிமிஷம் ஆற விட்டு வைங்க, அதுக்காக முழுசா ஜில்லாகணும்னு ராத்திரி வரைக்கும் காத்திருக்கவும் வேணாம்.

கரண்ட் போனா கதவ தெறக்காம இருந்தா 4 மணி நேரம் வரைக்கும் தாங்கும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலப்ப நாள் கணக்கா கரண்ட் வராத தெருவுங்க இருந்துச்சு, ஊருக்குப் போயிருந்தவங்க திரும்பி வந்து ஃப்ரீசர தெறந்தா கறி கல்லு மாதிரி இருக்கு, ஆனா அது நடுவுல உருகி மறுபடி ஒறஞ்சது. அதுக்கு ஒரு வழி சொல்றேன், ஒரு கப்ல தண்ணிய ஐஸாக்கி அது மேல ஒரு ரூபா காச வச்சுட்டு ஊருக்குப் போங்க, வந்து பாக்கறப்ப காசு அடில இருந்தா உள்ள இருக்கறத தூக்கிப் போட்டுடுங்க.

காய்க்கடை_தம்பி

அக்கா எடம் இல்லன்னு சொன்னீங்கல்ல, காய்லயே பாதி எடத்த காலி பண்ணலாம். தக்காளி 12 டிகிரிக்கு கீழ போனா வாசனையே செத்துடும், காயா இருந்தா பழுக்கவும் பழுக்காது, வெளிய காம்பு கீழ பாத்த மாதிரி அடுக்கி வைங்க, ரொம்ப பழுத்து வெடிக்கப் போறத மட்டும் உள்ள வைங்க. வாழப்பழம் உள்ள வச்சா தோல் கருத்துடும். உருளக்கெழங்கு குளுந்தா மாவு சக்கரையா மாறும், வறுத்தீங்கன்னா வேகறதுக்கு முன்னாடி கருகும், ருசியும் இனிக்கும். சின்ன வெங்காயத்துக்கு காத்துதான் முக்கியம், கவர்ல கட்டி வைக்காதீங்க, மூங்கில் கூடைல பரப்பி விடுங்க, உருளக்கெழங்கோட சேத்தும் வைக்காதீங்க. பூசணி, சேனை, கருண எல்லாம் வெளியதான். உள்ள போக வேண்டியது கீரை, கொத்தமல்லி, பீன்ஸ், கேரட், நறுக்கின எந்தக் காயும். மல்லிய கழுவாம வேர மட்டும் வெட்டிட்டு பேப்பர்ல சுத்தி டப்பால வைங்க. தேங்கா உடைச்சா கண்ணு இருக்கற மூடிய முதல்ல தீத்துடுங்க, அதான் சீக்கிரம் பிசுக்கு புடிக்கும்.

ஊரப்பாக்கம்_77

அதெல்லாம் சரிங்க, ஆனா ஃப்ரிட்ஜ்ல வச்சத சாப்ட்டா சத்து போயிடும், எங்க வீட்ல ஃப்ரிட்ஜே வேணாம்னு முடிவு பண்ணிட்டோம், அப்பப்ப சமைச்சு அப்பப்ப சாப்டறோம்.

ஹாஸ்டல்_கிச்சன்

அப்பப்ப சமைச்சு சாப்பிட முடிஞ்சா அதுக்கு மேல ஒண்ணும் இல்லங்க, உங்க வீட்ல அது நடக்குதுன்னா சந்தோஷம். வேலைக்குப் போயிட்டு 7 மணிக்கு வீடு திரும்பறவங்களுக்கு அது முடியாது. கீரை மாதிரி இருக்கறதுல வெளிய வாடினாதான் விட்டமின் சி வேகமா போகும், குளிர்ல மெதுவாத்தான் போகும். ஆனா ஒண்ணு ஒத்துக்கறேன், ஃப்ரிட்ஜ் கிருமிய கொல்லாது, மெதுவாக்கும், அவ்ளோதான். நாலு நாள் பழசு, அஞ்சு நாள் பழசுன்னு உள்ள அடைச்சு வச்சு சாப்டறதும் தப்புதான். நாங்க டப்பா மேல தேதி எழுதி ஒட்டிடுவோம்.

மாவு பத்தி கேட்டீங்க மா. மே மாசம் சென்னைல மாவு புளிக்க 5, 6 மணி நேரம் போதும், ராத்திரி பூரா விட்டா பொங்கி வழிஞ்சு காலைல புளிச்சு போயிருக்கும். பொங்கினவுடனே கலக்காம ரெண்டு மூணு சின்ன டப்பாவா பிரிச்சு உள்ள வச்சுடுங்க, ஒரு தடவைக்கு ஒரு டப்பா எடுங்க. ஒரே பெரிய தூக்குப் பாத்திரத்த தினம் வெளிய எடுத்து குளிர் போக விட்டு மறுபடி உள்ள வைக்கறதாலதான் மூணாம் நாளே புளிச்சுடுது, உங்களுக்கு எடமும் மிச்சமாகும்.

பெரம்பூர்_அம்மா

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ஒவ்வொண்ணா படிச்சு அத்தைக்கும் சத்தமா படிச்சு காட்டினேன். நாகை அம்மா எழுதினத கேட்டுட்டு கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க, அப்பறம் அவங்களே சொன்னாங்க, எங்க அம்மாவும் வெயில் காலத்துல ராத்திரிக்கு தனியாத்தான் வடிப்பாங்க, நான்தான் மறந்துட்டேன்னு. பத்து ரூபா நோட்டு வச்சுப் பாத்தேன், மேல ரெண்டு பக்கமும் இறுக்கமா இருந்துச்சு, கீழ வலது மூலைல சும்மா வழுக்கிட்டு வந்துச்சு. நாளைக்கு ஆள் வந்து ரப்பர் மாத்தறாங்க. தக்காளி, வெங்காயம், கெழங்கு எல்லாம் வெளிய வந்ததுல ஒரு தட்டு முழுசா காலியாயிடுச்சு.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. ஸ்கூல் தொறந்தா பையனுக்கு தயிர் சாதம்தான் கட்டணும், காலைல 7 மணிக்கு கட்டினா 12:30க்கு சாப்டுவான். அது தாங்குமா?

நாகை_கடலோரம்

ஹாஸ்டல்காரங்க சொன்ன ரெண்டு மணி நேரக் கணக்க இது தாண்டுது மா, ஆனா தயிர் சாதம் எங்க அனுபவத்துல தாங்கியிருக்கு. காலைல புதுசா வடிச்ச சோத்த கொழய மசிச்சு, காய்ச்சின பால் நெறய ஊத்தி, தயிர் ஒரே ஒரு கரண்டி மட்டும் விட்டுக் கலந்து கட்டு. மத்தியானத்துக்குள்ள டப்பாலயே தயிரா தோஞ்சு இருக்கும், புளிக்காது. ரயில் பயணத்துக்கு நாங்க அப்படித்தான் கட்டுவோம். தேங்கா தொகையல் வைக்காத, மாவடு வச்சு அனுப்பு.